மெற்றில்டா மிஸ்ஸின் சிவப்புப் பேனை

இரண்டு உலகப் போர்களும் கொட்டாஞ்சேனை மெற்றில்டா மிஸ் பிறப்பதற்கு முன்பு வந்ததால்தான் நடந்தன. இல்லாவிட்டால் இஞ்சி பிஸ்கட்டைப் பால் சேராத பிளேன்டீயில் நனைத்தபடியே இரண்டையும் ஒரு சிவப்புப் பேனையால் நிறுத்தியிருப்பார்.

தொழில் மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, தூதரகக்காரரின் கூட்டம், எதுவென்றாலும் சரி. கடதாசி பறக்கும் என்று வீட்டில் ஃபேன் போடமாட்டார். வந்தவர்கள் வியர்த்து முனகினால், "காத்து வேணுமெண்டா றோட்டில நிக்குது, போய்ப் பிடியுங்கோ" என்பார். கூட்டங்களில் பிறர் சொன்னதை மட்டுமே சொல்வார். சொந்தமாக ஒரு சொல் பேச வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். இருபத்தாறு வருஷமாக அந்தக் கண்ணாடி கழன்றதே இல்லை.

போன மாதம் ஜிந்துப்பிட்டியில் ஒரு கூட்டம். இருபத்திரண்டு ஒழுகல் வீடுகளுக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொன்ன வெளிநாட்டின் அதிகாரி, புதுக் கோப்போடு வந்திருந்தார். முதல் பக்கத்தில் இலங்கைப் படம். வடக்கிலிருந்து கொழும்புக்கு ஒரே ஒரு அம்புக்குறி. கொழும்புத் தமிழர் எல்லோரும் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள், யுத்தம் முடிந்தது, இனி ஊர் திரும்பட்டும். அதுதான் அவர் நாட்டின் புதுக் கொள்கை. கூரை கிடையாது, கிளிநொச்சியில் காணித் துண்டு. கோப்பில் அவர் கையெழுத்து அன்றைக்கே.

மிஸ் மொழிபெயர்த்து முடிக்குமுன், அந்த வீடுகளில் ஒன்றில் இருக்கும், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் இருளப்பன் எழுந்துவிட்டார்.

"கிளிநொச்சிக்கு எந்த பஸ்ஸுன்னுகூட நமக்குத் தெரியாது மிஸ். எங்க பாட்டன் ராமநாட்டுலருந்து பதுளைத் தோட்டத்துக்கு வந்தவரு. தோட்டத்துலருந்து நான் இங்க வந்தேன். இதுல யுத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

அதையும் மிஸ் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி இரக்கத்தோடு தலையாட்டினார். "பயத்தில் ஊரை மறைக்கிறார். எங்கள் அறிக்கையில் இருக்கிறது." பேனையைத் திறந்தார்.

கண்ணாடி கழன்றது.

"இப்போது பேசுவது நான். உங்கள் அறிக்கை பிழை, சேர்."

"மொழிபெயர்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை."

மிஸ் கோப்பிலிருந்த படத்தை இருளப்பன் பக்கம் திருப்பினார். சிவப்புப் பேனையை இருளப்பன் கையில் திணித்தார். "அண்ணை, வந்த வழியை நீங்களே கீறுங்கோ."

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பதுளைக்கு ஒரு கோடு, பதுளையிலிருந்து கொழும்புக்கு இன்னொன்று. பக்கத்து வீட்டு ஆறாயி வந்து ஹட்டனிலிருந்து ஒன்று கீறினார். வரிசை நீண்டது. பதினேழாவது ஆள் கீறியபோது அதிகாரியின் அம்புக்குறி சிவப்புக்குள் காணாமலே போயிற்று. அவர் பேனையை மூடினார்.

கோப்பு திருத்தத்துக்குப் போயிருக்கிறது. கூரை நிச்சயமில்லை, கிளிநொச்சியும் இல்லை. அந்த நாட்டுத் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் மிஸ்ஸின் பெயரும் இப்போது இல்லை. ஆனால் அவ்வளவு நேரமும் அவர் கை துளியும் நடுங்கவில்லை.

இதுவரை நான் எழுதிய தாளைப் பறித்து வாசித்த மிஸ், முதலில் உலகப் போர்கள் இரண்டையும் சிவப்பால் வெட்டினார். பிறகு கடைசி வரியை.

"நீ கதவடியில நிண்டனீ. என்ட கை உனக்கு எங்க தெரிஞ்சது? பேனையை ஏன் இருளப்பன்ட கையில குடுத்தனான் எண்டு நினைக்கிறாய்?"

கேட்டபோது கண்ணாடி அவர் மூக்கில் இல்லை, மேசையில் கிடந்தது.