யாரையும் வெளியே நிறுத்தாத செலின்

ஞாயிற்றுக்கிழமை காலை வார்டில் இரவுப் பணியினரிடமிருந்து பொறுப்பேற்றுக்கொண்டிருந்தபோது செலின் அவர்களின் கணவர் அழைத்தார். "சிஸ்டர், செலின் போய்ட்டாங்க" என்றார்.

தருமபுரியில் எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவர் செலின். நான் தலைமைச் செவிலியர். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, காரிமங்கலத்தில் எங்களுக்குக் கிளைகள் உண்டு. நோயாளிகளின் குறிப்புகள் எல்லாம் கிளவுடில், அதாவது இணையவழிச் சேமிப்பில், இருக்கின்றன. அவற்றைத் திறக்க யார், எப்படி லாகின் செய்யலாம் என்ற விதிகளை வகுத்தவர் அவர்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. ஒரு மருத்துவரின் பாஸ்வேர்டு திருடுபோய், அவர் பெயரில் யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள். இனிக் கைப்பேசியிலும் உறுதி செய்தால்தான் உள்ளே போகலாம் என்று முடிவானது. மறுநாளே எல்லோருக்கும் அதை அமல்படுத்தும்படி கூட்டத்தில் சொன்னார் இயக்குநர். அவர் கவலையும் நியாயமானதே.

செலின் எழுந்தார். "பண்ணிடலாங்க சார். கணினியில பெரிய அதிகாரம் இருக்கறவங்களுக்கும் எங்க டீமுக்கும் இன்னைக்கே போட்டுடறேன். மத்தவங்கள இப்போதைக்குத் தடுக்க வேணாம். தடுத்தா யார் யார் மாட்டுவாங்கன்னு மட்டும் பாத்துக்கிட்டு, ஒவ்வொரு கிளையா போலாங்க."

அப்படிப் பார்த்ததில் அதிகம் மாட்டியவர்கள் என் செவிலியர்கள்தான். "ஐசியூ நர்ஸுங்க ஒருத்தர்கூட உள்ள போக முடியாதாட்டம் இருக்குதே, ஏங்க சிஸ்டர்?" என்று கேட்டார்.

"போனை வெளிய வெச்சுட்டுதான் ஐசியூக்குள்ள வரோம். ஒருநாள் வந்து நின்னு பாருங்க!" என்றேன் கோபமாக.

வந்தார். ஒரு ஷிப்ட் முழுவதும் ஓரமாக நின்றார். மூச்சுத்திணறலோடு வந்த ஒருவருக்கு ஊசி போடும் முன், எந்த மருந்து ஒவ்வாது என்று செவிலியர் திரையில் தேடியதைப் பார்த்தார். சில நாட்களில், கைப்பேசிக்குப் பதிலாகக் கணினியில் செருகும் சின்னச் சாவிகள் எங்களுக்கு வந்தன. அதன் பிறகே எங்களுக்கு விதி வந்தது.

அவரும் தவறியதுண்டு. ஒருமுறை விதியில் நேர்ந்த பிழையால், சந்தை நாளின் கூட்டத்தில் காரிமங்கலம் கிளையில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. எந்த விதிக்கும் உட்படாத, அவசரத்துக்கென்று பூட்டி வைத்திருந்த கணக்கின் வழியே நுழைந்து, வரிசை முணுமுணுப்பதற்குள் பழையபடி மாற்றிவிட்டார். பிறகு அந்தக் கிளைக்கே பஸ் ஏறினார். "தப்பு என்னோடதுதாங்க. விதிய ஒவ்வொரு ஊரா போட்டதால, மத்த ஊருக்குப் போகாம உங்களோட நின்னுச்சு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாராம்.

புற்றுநோய் என்று தெரிந்ததும், தம் அதிகாரம் முழுவதையும் தம் குழுவினரிடம் ஒப்படைத்து, தம் பெயரை நீக்கச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"இப்பவே எதுக்குங்க?"

"நான் வந்தா திருப்பிக் குடுக்கட்டும் சிஸ்டர். நான் படுத்துட்டேன்னு ஆஸ்பத்திரி நிக்கக்கூடாதுல்லங்க."

எங்கள் வார்டிலேயே படுத்திருந்த ஒரு மாலை, முகமெல்லாம் சிரிப்பாக என்னைக் கூப்பிட்டார். "புது விதி ஒண்ணு பாலக்கோட்டுல சரியா வரலைன்னு நம்ம பசங்களே நிறுத்திட்டாங்க. என்கிட்ட கேக்கவே இல்லைங்க!" அத்தனை மகிழ்ச்சியாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவருடைய குழுவினர் கையில் மண்ணோடு நின்றார்கள். மருத்துவமனையிலும் கிளைகளிலும் அன்றைய வேலை வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. ஜெபம் முடியும்வரை அவர்களில் ஒருவருடைய கைப்பேசியும் ஒலிக்கவில்லை.

போய் வாருங்கள், செலின். உள்ளே எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.