வலது கை நகங்கள்

மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். தச்சர்கள் மரத்தைத் தேய்ப்பார்களே, அதேதான். மாமா தேய்ப்பது தன் வலது கை நகங்களை. என் அக்காவின் கணவரான அவர் கிதார் கலைஞர். நகத்தின் நுனி வழவழவென்று இருந்தால்தான் தந்தியில் நாதம் தெளிவாக எழும். சித்தூர் பேருந்தில் அவர் நகம் தேய்ப்பதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பல வருடம் கல்யாண மேடைகளில் சினிமாப் பாட்டு வாசித்தவர். நாற்பது வயதில் அதை விட்டுவிட்டு, என் வயலினையும் இரண்டு நண்பர்களின் வியோலா, செல்லோவையும் சேர்த்துக்கொண்டு, சின்னக் கூடத்தில் நாலு பேர் வாசிக்கும் மேற்கத்திய சேம்பர் இசைக்கு வந்தார். திருப்பதியில் எங்கள் முதல் கச்சேரி. கேட்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் அமைப்பாளர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் தொடர்ந்து மேடை கிடைக்கும். இல்லையென்றால் பழையபடி கல்யாணங்களுக்கே போய்விடுவதாக மாமா அக்காவிடம் சொல்லியிருந்தார்.

கச்சேரிக்கு முந்தைய நாள், வெதுருகுப்பத்தில் குலதெய்வக் கோயிலில் அவர் மகளுக்கு மொட்டை. தாய்மாமனான என் மடியில் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. பக்கத்தில் மாமாவும் வேண்டுதலுக்குத் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். நாவிதர் வலது கையைப் பிடித்தபோது, சந்தனம் தரப்போகிறார் என்று நினைத்து நீட்டினாராம். கண்ணைத் திறந்தால் மூன்று விரல்களில் நகமில்லை.

“முடி எடுத்தா நகமும் எடுக்கணும் சாமி, அதானே முறை,” என்றார் நாவிதர், ஒன்றும் புரியாமல்.

“நீ இன்னா பண்ணுவ, நான்தான் கண்ண மூடிக்கினு கெடந்தேன்,” என்றார் மாமா. சட்டைப் பையிலிருந்த உப்புத்தாளை எடுத்து, மிச்சமிருந்த நகத்தைத் தேய்த்து அவருக்குக் காட்டினார்.

மறுநாள் ஒத்திகையில் வெறும் விரல் சதையால் வாசித்தார். கிதார் காதிலேயே விழவில்லை. “நீங்க கொஞ்சம் கொறைங்கடா. நான் எங்க போய்க்கினு கீறேன்னு கேளுங்க,” என்றார். வெட்கமாகிவிட்டது. இத்தனை மாதமும் நாங்கள் மூவரும் அவரை அமுக்கித்தான் வாசித்திருக்கிறோம். அன்று மாலைக் கச்சேரியில் வில்லைத் தந்தியில் பட்டும் படாமலும் இழுத்து, அவரை மட்டுமே கேட்டோம். முடிந்ததும் அமைப்பாளர் மேடைக்கே வந்து, அடுத்த மாதம் எந்த நாள் எங்களுக்குச் சரிப்படும் என்று விசாரித்தார். அக்கா அழுதுவிட்டாள்.

நகம் வளர்ந்துவிட்டது, ஆனாலும் இன்றும் நாங்கள் அப்படித்தான் வாசிக்கிறோம். போன மாதம் இரண்டாவது குழந்தைக்கு மொட்டை. அதே கோயில், அதே நாவிதர். மாமாவின் தலையை மழித்து, இடது கை நகங்களை வெட்டினார். வலது கைக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்தார். என் தோளில் கிடந்த மாமாவின் சட்டையைக் காட்டி, “அந்தத் தாள எடு சாமி,” என்றார். வாங்கி, ஒவ்வொரு நகமாக அவரே தேய்த்துவிட்டார்.