காப்புக் கையும் சம்சு போத்தலும்

தோட்டத்து ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கும் டிரெசர் வேலையில் வியாதியைக் கண்டுபிடிப்பது சுலபம், வியாதிக்காரன் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும்; மருந்தறையில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

திங்கட்கிழமை வயிற்றுவலி

எண்பதுகளில் ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சம்சு என்ற கள்ளச் சாராயம் குடித்தவர்கள் திங்கள் காலை எம்.சி. லீவுச் சீட்டு கேட்டு வரிசையில் நிற்பார்கள். அன்று புல்வெட்டும் மணியத்தை அவன் மனைவி லெட்சுமி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். வயிற்றுவலி, வாந்தி என்றான். இதுவும் எம்.சி. நாடகம்தான் என்று அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டேன். அந்த அரை மணி நேரம் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவன் கேட்டான்: "ஐயா, ஏன் இவ்ளோ புகையா இருக்கு? எங்க நெருப்பு வச்சிருக்காங்க?"

துணிக்கட்டு

எனக்குப் பகீரென்றது. உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவன்போல மூச்சு வாங்கினான். வாயில் சாராய வாடை இல்லை. குடித்தாயா என்று மூன்று தடவை கேட்டேன். புருஷன் பெண்டாட்டி இருவரும் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார்கள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தான். புண் ஏதும் சீழ் பிடித்திருக்குமோ என்று அவிழ்த்தேன். புண்ணைக் காணோம், தீமிதிக்குக் கட்டிய மஞ்சள் காப்புதான் இருந்தது. லெட்சுமி உடைந்துபோனாள்: "நேத்து மத்தியானம் மூணு கிளாஸ் சம்சு, ஐயா. ஆத்தா கண்ணுல படக்கூடாதுன்னு காப்பை மூடிக்கிட்டுத்தான் குடிச்சாரு."

டாக்டர் சொன்ன மருந்து

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். சம்சுவில் மெத்தனால் கலந்திருக்கும், கண்ணும் போகும் உயிரும் போகும் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் வரும்வரை நல்ல பிராந்தியாக, அவர் சொல்லும் அளவுக்குக் கொடுக்க வேண்டுமாம். அதுதான் அந்த விஷத்தைத் தடுத்து வைக்குமாம். துரை பங்களாவுக்கு ஓடிப் போத்தலோடு வந்தேன். அளந்து நீட்டினால், மணியம் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். பிறகு பல்லுக்கு நடுவே சொன்னான்: "வேணாங்கையா, காப்பு கட்டியிருக்கேன் லா!"

லெட்சுமியின் அதட்டல்

மிரட்டினேன், கெஞ்சினேன், மோவாயைப் பிடித்தேன். விஷயத்தை லெட்சுமிக்கு விளக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாஸைப் பிடுங்கி அவன் வாயருகே வைத்தாள்: "நேத்து ஆத்தாவைக் கேட்டுக்கிட்டா குடிச்சீங்க? இன்னிக்கு நான் சொல்றேன், குடிங்க!"

அவனுக்கு உயிரும் பாதிப் பார்வையும் மிஞ்சின. குடிக்காதே குடிக்காதே என்று கத்தியே தொண்டை கட்டிப்போன நான், குடி ராசா என்று ஒருவனிடம் கெஞ்சிச் சம்பளம் வாங்கியது அந்த ஒரு நாள்தான்.