வெறும் ரெங்கம்மா

தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு ரெங்கம்மாக்கள் இருந்தார்கள். மேல் லயத்து வரிசை வீட்டில் இருந்த ரெங்கம்மாவுக்கு இரண்டு காலும் சுகம். கீழ் லயத்து ரெங்கம்மா அறுபத்தாறாம் வருஷ மழையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், ஊருக்கு வேலை சுலபமாகிவிட்டது. அவள் வெறும் ரெங்கம்மா, இவள் நொண்டி ரெங்கம்மா. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

அப்படிக் கூப்பிட்டால் இவள் சிரித்துக்கொண்டேதான் திரும்புவாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவளால் இனி மலை ஏற முடியாது. வேலைக்குப் போகாதவளின் பேரைத் தோட்டத்தில் வெட்டிவிடுவார்கள். பேரை வெட்டிவிட்டால் லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் கிடையாது. புருஷன் செத்து நாலு வருஷம். போக்கிடம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மண்ணும் இல்லை. அந்த நேரத்தில்தான், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை காலியானது.

ரெங்கம்மா நேரே கணக்கப்பிள்ளை முருகையாவிடம் போய்க் கேட்டாள்.

"நொண்டிக்கு எதுக்குடி அந்த வேல? ஓடுற புள்ளய நீ எப்புடிப் புடிப்ப?" என்றார் அவர்.

"ஒங்க மகன் பதுளைக்கு ஓடிப் போயித் தாலி கட்டிக்கிட்டு வந்தானே, நீங்க புடிச்சீங்களாங்க?"

அவளுக்கு வாய் நொண்டவில்லை, என்ன செய்வது! முருகையாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "புதன்கெழம தொர ஆபீசுக்கு வருவாரு. அவருகிட்டயே வந்து பேசிக்க," என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி தினமும் ரயிலேறிப் பதுளைக்குப் படிக்கப் போகிறவள். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆயுசு நூறு என்பார்கள். ஆகவே சாயங்காலமானால் ஜெயலெட்சுமி படிப்பதெல்லாம் ரெங்கம்மாவின் அடுப்படியிலும் வந்து விழும். நவுன் என்றால் பேர். பேருக்குப் பதிலாக வருவது ப்ரோநவுன். ஐ, யூ, ஹீ, ஷீ.

ரெங்கம்மா ரொட்டி தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏ ஜெயா, 'நீங்க'ன்றதுக்கு இங்கிலீசுல என்னா?"

"யூ, அத்தே."

"அப்ப 'நீ'ன்றதுக்கு?"

"அதுக்கும் யூதான்."

"அடியாத்தீ! தொரைக்கும் யூ, எனக்கும் யூவா?"

"ஆமாத்தே, எல்லாருக்கும் ஒரே யூதான்."

ரொட்டி கருகியது. தோட்டத்தை நடத்த வந்து ஆறு மாசமான வெள்ளைக்காரத் துரை தமிழ் பேசுவார். தோட்டத் துரைமாருக்கென்றே போட்ட புத்தகத்தில் படித்த தமிழ். வா, போ, நீ, அவ்வளவுதான். கிழவனானாலும் நீ, குமரியானாலும் நீ. அவர்கள் தமிழில் 'நீங்க' கிடையாது. அவர்கள் இங்கிலீசிலோ 'நீ' கிடையாது. அப்படியானால் நம்மிடம் பேசும்போது மட்டும் அந்த 'நீ' எங்கிருந்து முளைக்கிறது? ரெங்கம்மாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இரண்டு நாள் கழித்து அட்ஜெக்டிவ் வந்தது.

"பேருக்கு முன்னால ஒட்டிக்கிட்டு வர்றது அத்தே. குட் கேர்ள், ப்ளாக் டாக், அந்த மாதிரி."

"அத எடுத்துட்டா?"

"எடுத்துட்டா ஒண்ணுமில்ல. பேரு பேராத்தான் இருக்கும்."

"இன்னொருக்காச் சொல்லு," என்றாள் ரெங்கம்மா.

புதன்கிழமை நீலச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். துரைக்குப் பக்கத்தில் முருகையா நின்றார். அவர் எழுதிக் கொடுத்திருந்த தாளைத் துரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நீ நொண்டி ரெங்கம்மா?"

"நோ, சார். ஐ ரெங்கம்மா. ரெங்கம்மா நவுன். நொண்டி அட்ஜெக்டிவ்."

முருகையா வாயைப் பிளந்தார். துரையின் முகம் சிவந்தது. கோபமோ என்று ரெங்கம்மா பயந்தாள். கோபமில்லை, மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவளுடைய காலைக் காட்டி, "பிள்ளை ஓடும். நீ ஓடாது," என்றார்.

அதற்கு அவளிடம் இங்கிலீசு இல்லை. தமிழிலேயே சொன்னாள். "தொட்டில்ல கெடக்குற புள்ள எங்கங்க ஓடும், தொர? பசிச்சா அழும், நனைச்சா அழும். எனக்குக் காதும் கையும் நல்லாத்தாங்க இருக்கு."

துரை தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்து, தாளில் அவள் பேருக்கு முன்னாலிருந்த சொல்லை மட்டும் அடித்தார். "சரி. நாளைக்கு நீ வா."

ரெங்கம்மா நகரவில்லை. "சார், இங்கிலீஷ் ப்ளீஸ்."

துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். "யூ கம் டுமாரோ, ரெங்கம்மா."

"தாங்க் யூ, சார்."

குறுக்குப் பாதையில் இறங்கும்போது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் சந்தோஷம்தான். தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுது தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் மேல் லயத்து ரெங்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அடியே, நீ வெறும் ரெங்கம்மா ஆயிட்டியாமே? அப்ப நான் யாருடி? கணக்கப்புள்ள இன்னைக்கு என்னைய 'குண்டு ரெங்கம்மா'ன்னு கூப்புடுறான்! எல்லாம் ஒன்னாலதான்!"

ரெங்கம்மா அவளை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். "கோவிச்சுக்காதடி. ரெங்கம்மான்னு கூப்புட்டா ரெண்டு பேருமே திரும்புவோம். வேற எப்புடிக் கூப்புட்டாலும் திரும்ப வேணாம்."

விடிந்ததும், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் கூடி நின்றார்கள். முருகையா படிமேல் நின்று பேர் கூப்பிட்டார்.

"குண்டு ரெங்கம்மா!"

சத்தமில்லை.

"நொண்டி ரெங்கம்மா!"

அதற்கும் இல்லை. பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். முருகையா பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெங்கம்மா!" என்றார்.

"ஏங்க!" என்று இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது. மனிதர் படியிறங்கிப் பக்கத்தில் வந்து, எந்த ரெங்கம்மாவைக் கூப்பிட்டேன் என்று இரண்டு பேரிடமும் தன்மையாகச் சொல்ல வேண்டியதாயிற்று.