ஒரு கையால் திறக்கும் கத்தி

மலேசியாவில், பத்து பாகாட் ஊரில், முப்பது வருஷம் ஒரு சட்டை ஃபேக்டரியில் துணி வெட்டியவன் நான். கத்தியைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிரோடுதான் பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஒரு கப்பல் சாமான் கடைக்குள் நுழைந்தேன். கத்தி எனக்கல்ல, மகளுக்கு. சரக்குக் கப்பலில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். கொண்டுபோக வேண்டிய சாமான்களின் லிஸ்டை ஃபிரிட்ஜில் ஒட்டி, வாங்க வாங்க டிக் போட்டு வந்தாள். கயிறு அறுக்கும் மடக்குக் கத்தி மட்டும் பாக்கி நின்றது.

வாங்கித் தாருங்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை. அவள் அம்மா இறந்தபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இவளும் ஒன்பது மாதம் கடலுக்குப் போகிறாள் என்றதும் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. "போறதுன்னா போ. திரும்பி இந்த வீட்டுப் பக்கம் வராதே" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன மறுநிமிஷமே தப்பென்று தெரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஜென்மம். மூன்று வாரம் ஒரே கூரையின் கீழ் பேச்சில்லாமல் கழிந்தது. கத்தியை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால், வாயைத் திறக்காமலேயே அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

கடையில் இருந்ததிலேயே கூர்முனையுள்ள, வழவழவென்று மின்னியதை எடுத்தேன். மகள் கப்பலுக்குப் போகிறாள் என்றதும் கடைக்காரச் சீனர் அதை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே வைத்தார். துணிக்கு அது சரி, கப்பலுக்கு ஆகாது என்றார் மலாயில். கப்பல் ஆடும்போது கூர்முனை பக்கத்து ஆளையோ தன்னையோ குத்திவிடுமாம். முனை மொண்ணையாக இருக்க வேண்டும். தடித்த ஈரக் கயிற்றை அறுக்கக் கத்தியின் வாயில் பாதி நீளத்துக்கு ரம்பம் போலப் பல் வேண்டும். முடிச்சைத் தளர்த்த ஒரு தடித்த இரும்பு ஊசி, கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு துளை. எல்லாம் சொல்லிவிட்டு, "சத்து தாங்கான்" என்று ஒரு விரலைக் காட்டினார். ஒரு கையால் திறக்க வேண்டும். ஏன், இன்னொரு கை என்ன செய்யும் என்று கேட்டேன். கப்பலைப் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் உன் மகள் கடலில் இருப்பாள் என்றார்.

என் திமிர் அங்கேயே இறங்கிவிட்டது. இடது கையால் கடை மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒவ்வொரு கத்தியாகத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கையை நனைத்துக்கொண்டும் திறந்தேன். என் விரலுக்கே இறுக்கமாக இருந்ததையெல்லாம் தள்ளினேன். அவள் விரல் சின்னது. சாமான் வாங்க வந்த இரண்டு மாலுமிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன! ஏழாவது கத்தி சொன்ன பேச்சைக் கேட்டது.

அவள் கிளம்பிய காலையில் வாசலில் கார் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்தவளிடம் கத்தியை நீட்டினேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து எனக்கு ஞாபகம் வந்தது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அரிவாள்மனையைக்கூடக் கீழே வைத்துத்தான் கொடுப்போம், எடுப்போம். ஏற்கெனவே அறுந்த குறையாக இருக்கிறது, இதையும் செய்ய வேண்டாம் என்று வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, கத்தியைச் செருப்பு வைக்கும் தட்டின் மேல் வைத்தேன்.

"எடுத்துக்க" என்றேன்.

நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எடுத்துப் பெரிய பையில் போட்டாள். "போறேன்பா" என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் இந்த வீட்டில் டிவிதான் பேசுகிறது. சோறு எப்போதும் ஒரு பிடி கூடிப்போகிறது. தனியாக இருக்கப் பழகிவிடும் என்கிறார்கள், எனக்குப் பழகவில்லை. அவளிடமிருந்து "ஓகே பா" என்று எப்போதாவது ஒரு மெசேஜ். நாலு மாதம் கழித்துப் போன வாரம்தான் ஏதோ துறைமுகத்திலிருந்து போன் செய்தாள்.

"கத்தி எப்படிம்மா இருக்கு?"

"நல்லா அறுக்குது. ஆனா அன்னிக்கு என் கையில குடுக்கக்கூட உங்களுக்கு மனசு வரலல்ல?"

பதறிப்போய்ச் சொன்னேன், உறவு அறுந்துவிடக் கூடாதே என்றுதான் கீழே வைத்தேன் என்று.

"அலமாக், ஐயோ அப்பா! அதுக்கா? வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"தொறந்திருந்தா போகாதேன்னுதாம்மா வந்திருக்கும்."

மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, "லீவுல தங்க ஜேபி டவுன்ல ரூம் பார்த்து வச்சிருக்கேன்பா" என்றாள்.

"ரூமா, எதுக்கு? வீடு இருக்குல்ல?"

"நீங்கதான வராதேன்னு சொன்னீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நாலு மாதமாக வீடில்லாதவளாகவே கடலில் இருந்திருக்கிறாள் என் பிள்ளை. "வாம்மா, வா, வீட்டுக்கு வா" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். எத்தனையாவது 'வா'வில் லைன் அறுந்தது என்று தெரியவில்லை. அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டேன். இன்னும் ஒற்றை டிக்தான் காட்டுகிறது.