எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம்

எங்கள் விலாசத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஆனால் நாங்கள் அந்த ஊரில் இல்லை. டெக்சஸில் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகியும் இது என் மண்டையில் முழுதாக ஏறவில்லை. ஊரின் எல்லைப் பலகை எங்கள் தெருவுக்கு மூன்று மைல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் மேயர் இல்லை, சிட்டி போலீஸ் இல்லை, சிட்டியின் தீயணைப்பு வண்டியும் இல்லை. எல்லாம் கவுன்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. "இங்க கேக்க ஆளே இல்ல மச்சி, நம்ம இஷ்டம்தான்" என்று நண்பர்களிடம் போனில் பீற்றிக்கொண்டவன் நான்.

அபார்ட்மென்டிலும், போன வருடம் வரை இந்த வீட்டிலும் மின் அடுப்பில்தான் பொங்கல் வைத்தோம். இந்த வருடம் பின்பக்கத்துப் புல்வெளியில் செங்கல் அடுக்கி, ஓக் மரச் சுள்ளி வைத்து, புதுப் பானை ஏற்றினேன். சாலையோர மின்பலகையில் ஒரு வாரமாகக் கவுன்டியின் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது: வெளியே தீ மூட்டத் தடை. மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து, தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போனேன்.

பானை பொங்கியது. ஏழு வயது மகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள். அவள் வாயிலிருந்து நான் கேட்கும் தமிழ் அநேகமாக அவ்வளவுதான். நாங்கள் பேசுவது எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

அப்போதுதான் வடக்கேயிருந்து காற்று கிளம்பியது. அடுப்பிலிருந்து பொறி பறந்து காய்ந்த புல்லில் விழுந்தது. பாய் அகலத்துக்குப் புல் கருகியது; நான் மிதிப்பதற்குள் தீ வேலியைப் பார்த்து ஓடத் தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தனியாக இருக்கிறார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

"911 கூப்பிடுங்க! அந்த அங்கிள் உள்ள இருக்காருங்க!" என்று மனைவி அலறினாள்.

போன் என் கையில்தான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பெரியவர் நினைவுக்கு வரவில்லை. கிரீன் கார்டு நினைவுக்கு வந்தது. பத்து வருடம் காத்திருந்து கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கும் விண்ணப்பம். தடையை மீறித் தீ வைத்தான் என்று என் பேரில் ஒரு தாள் எழுதப்பட்டால்? "இரு, நானே அணைச்சிடறேன்" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தண்ணீர் ஹோஸைப் பிடித்தேன். ஹோஸ் பாதித் தோட்டம் வரைதான் எட்டியது.

வேலி பற்றிக்கொண்ட பிறகுதான் கூப்பிட்டேன். எடுத்த பெண்மணி, சிட்டிக்குள்ளா வெளியிலா என்று கேட்டாள். பதற்றத்தில் விலாசத்தில் இருந்த ஊர்ப் பெயரை ஒப்பித்தேன். சிட்டிக்கு மாற்றினாள். அவர்கள் தேடிப் பார்த்து, நீங்கள் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில், எங்கள் பகுதிக்குத் தன்னார்வத் தீயணைப்புப் படைதான் வரும், அவரவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றார்கள்.

மனைவியும் நானும் பெரியவர் வீட்டுக்குள் ஓடினோம். பின்பக்க ஜன்னலெல்லாம் புகை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழ முயன்று முயன்று விழுந்துகொண்டிருந்தார். மெஷினோடு இணைந்திருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டு இருவருமாகத் தூக்கினோம். வாசலுக்கு வருவதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. செத்துவிடுவார், நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வண்டி வந்தது. ஓட்டி வந்தவள், மகளின் பள்ளி கேன்டீனில் சாப்பாடு பரிமாறும் பெண். இறங்கிய வேகத்தில் பெரியவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தாள். மற்றவர்கள் அவர் வீட்டுச் சுவரோடு தீயை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்தார். நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு கவுன்டி அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். செங்கல்லையும் பானையையும் பார்த்தார். தடை பற்றி எதுவும் சொல்லவில்லை. தீயைப் பார்த்ததற்கும் போன் செய்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார்.

"பார்த்த உடனேயே" என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் பெரியவர் தலையைத் திருப்பி, நன்றி சொல்வதுபோல் என் பக்கம் கையை லேசாக உயர்த்தினார். மகள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"நோ அப்பா," என்றாள். "யூ புட் த போன் இன் யுவர் பாக்கெட்."

வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது.