இரண்டு குசினியும் ஒரு கண்காட்சியும்

"பழைய பேப்பர் வாசிக்கிறதுக்கும் படிச்ச பிள்ளை வேணுமோ?"

டொரொண்டோவின் ஸ்காபரோப் பக்கம், வோபர்னில் இருக்கும் எங்கள் தமிழ்த் தேவாலயத்தில், கோட்டு மாட்டும் அறையில் என்னைப் பற்றி யாரோ யாரிடமோ சொன்னது. நான் கோட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரக் கூச்சமாக இருந்தது. ஆண்டுவிழாக் கண்காட்சிக்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து மிஷனரிமார் நடத்திய பத்திரிகைகளை வாசித்து, நல்ல பக்கங்களைப் பெரிதாக்கி, கீழே தமிழில் விளக்கம் எழுதுவது என் வேலை. செத்தவர்களைப் பற்றி எழுதினால் வில்லங்கம் வராது என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்த சகோதரங்களே, அவர்களுடைய சந்ததி முழுக்க ஸ்காபரோவில்தான் இருக்கிறது.

காணாமல் போன பெயர்

பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து ஒரு அங்கிள் வந்தார். தன் பூட்டனின் தகப்பன் மிஷன் விடுதியில் படித்தவர், பெயர் கட்டாயம் பத்திரிகையில் இருக்கும் என்றார். எவ்வளவு புரட்டியும் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்குக் காசு கட்டிய பெரிய மனிதர்களின் பெயரையே அந்தப் பிள்ளைகளுக்கு வைத்துவிடுவது அப்போது வழக்கம் என்று தயங்கித் தயங்கி விளங்கப்படுத்தினேன். அங்கிள் தன் போனில் ஒரு சின்னப் பெடியனின் படத்தைக் காட்டினார்.

"என்ர பேரனுக்கும் மகள் வெள்ளைக்காரப் பேர்தான் வைச்சவள். ஒருத்தரும் ஒரு சதம் கட்டேல்லை, பிள்ளை."

சாராயத்துக்கு எதிராக

கண்காட்சிக்குப் பொறுப்பு ஜெகன் அங்கிள், தேவாலயத்தின் செயலாளர். குடியை ஒழிக்கச் சொல்லும் கட்டுரை அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. கண்காட்சிக்கு முதலே அதை மண்டபத்தின் நடுச்சுவரில் மாட்டுவித்தார். அந்தச் சனிக்கிழமை அதே மண்டபத்தில் அவருடைய தம்பியின் பிறந்தநாள் விருந்து. வெள்ளி பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார்.

"அதை ஒரு நாளைக்கு மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி விடுவமோ, தங்கச்சி? சீர்திருத்தம் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும்தானே."

இரண்டாவது குசினி

விடுதிப் பிள்ளைகள் சிலர் மிஷன் வளவில் சமைத்ததைத் தொடமாட்டார்களாம். குறைந்த சாதிக்காரர் யாராவது கை வைத்திருப்பார்களோ என்ற பயம். மிஷனரி ஒருவர் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்கச் சாதியைத் திட்டி எழுதிவிட்டு, கடைசி வரியில், பக்கத்து வளவில் அவர்களுக்கென்று சமைக்க வேறு குசினி கட்டிக் கொடுத்ததையும் சொல்கிறார்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தந்தவள் அனோஜா, ஜெகன் அங்கிளின் ஒரே மகள். எங்கள் சபையிலேயே இருக்கும் மேர்சி அன்ரியின் மகன் டானியலைக் கட்டுவதற்குத் தகப்பனின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். மேர்சி அன்ரி குடும்பத்தை ஊரில் என்ன சொல்வார்கள் என்பதை டொரொண்டோவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜெகன் அங்கிளும் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தேவாலயத்து ஞாயிறு மதியச் சாப்பாட்டில் மேர்சி அன்ரியின் கறியை மட்டும் எடுக்கமாட்டார். தனக்குச் சுகர் என்பார். ஆட்டிறைச்சிக் கறிக்கும் சுகருக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டதில்லை.

"உந்தப் பக்கம் வேண்டாம், தங்கச்சி. பழசைக் கிளறி ஆரை நோகப்பண்ணப் போறம்?" என்றார் ஜெகன் அங்கிள், குசினிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு. நான் தலையாட்டினேன். அனோஜா தலையாட்டவில்லை.

"அவையள் குசினி கட்டினவை, அப்பா. நீங்கள் சுகர் எண்டுறீங்கள். வாட்ஸ் த டிஃபரன்ஸ்?"

கண்காட்சி நாள்

பக்கத்தை அனோஜாவே மாட்டினாள். மேர்சி அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தார். பக்கத்தில் ஜெகன் அங்கிள் நின்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் போனில் வேலை வந்துவிட்டது.

"ரண்டு குசினியோ?" என்றார் மேர்சி அன்ரி. "எனக்கு ஒரு குசினியைத் துடைக்கவே சீவன் போகுது, அண்ணை." சொல்லிவிட்டுக் கறி பரிமாறப் போனார்.

மற்றவர்களும் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். ஜெகன் அங்கிள் சுவரிலிருந்த பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தப் பக்கத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரு காகிதத் தட்டை எடுத்துக்கொண்டு, மேர்சி அன்ரியின் சட்டிக்கு முன்னால் இருந்த வரிசையில், டானியலுக்குப் பின்னால் போய் நின்றார்.